எதிர்க்கட்சி எம்.பி. கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் மாங்கூழ் தொழில். என் நண்பன் பாம்பாறு அணை முகாமில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழன். எனக்கு ஜிஎஸ்டி பிரச்சினை, அவனுக்குக் குடியுரிமைப் பிரச்சினை. இரண்டுக்கும் முடிவு டெல்லியில் இருக்கிறது. நம் எம்.பி. எதிர்க்கட்சிக்காரர். அவரிடம் போய் என்ன ஆகப்போகிறது? கத்துவார், வெளிநடப்பு செய்வார், அவ்வளவுதானே?"

தம்பி, நான் கிருஷ்ணகிரியில் இருபத்தைந்து வருடமாக வரிக் கணக்கு எழுதுகிறவன். விற்பனை வரி, வாட், ஜிஎஸ்டி என்று மூன்றையும் பார்த்துவிட்டேன். எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் நாடாளுமன்றக் கேள்வி பதில்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு, தொழிலுக்கே அது தேவைப்படுகிறது. அதனால் சொல்கிறேன்: கத்துவதும் வெளிநடப்பும் டிவியில் தெரிகிற பகுதி. எதிர்க்கட்சி உறுப்பினரின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அரசு வாயைத் திறக்க விரும்பாத விஷயத்தில் ஓர் அமைச்சரின் பெயரோடு எழுத்தில் பதில் வாங்குவதுதான் அது. அந்தக் காகிதம் ஒருமுறை வந்துவிட்டால் அதை வைத்து நீதிமன்றம் போகலாம், பத்திரிகை எழுதலாம், அடுத்த கேள்வி கேட்கலாம்.

முதலில் கேள்வி நேரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் பட்டியலுக்கு வரும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்துப்பூர்வ பதில் மட்டும். யாருடைய கேள்வி வரும் என்பது குலுக்கலில் முடிவாகும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் அங்கே இல்லை. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது, வாதமோ குற்றச்சாட்டோ உள்ளே இருக்கக் கூடாது. பலரும் நினைப்பதற்கு மாறாக, நட்சத்திரமில்லாக் கேள்விதான் நம்மைப் போன்றவர்களுக்கு அதிகம் பயன்படும். அவையில் அமளி நடந்து கேள்வி நேரம் ஒத்திவைக்கப்பட்டாலும் எழுத்துப் பதில் வந்துவிடும். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "மாங்கூழ் தொழிலைக் காக்க அரசு எடுத்துள்ள நடவடிக்கைகள் என்ன?" என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்குத் திட்டங்களின் பெயர்ப் பட்டியல் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், "இருந்தால் விவரம் என்ன?" என்பதற்கு "கேள்வி எழவில்லை" என்று முடித்துவிடுவார்கள்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மாம்பழத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மாங்கூழுக்கு எத்தனை விழுக்காடு என்பதில் 2022 வரை குழப்பம் இருந்தது. அந்த வருடம் ஜிஎஸ்டி கவுன்சில் 12 விழுக்காடுதான் என்று தெளிவுபடுத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. நல்ல செய்தி, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கூழ் அடைக்கிற 3.1 கிலோ டின்னுக்கு 18 விழுக்காடு வரி. இயந்திரப் பராமரிப்புக்கும் 18. ஒரு பேச்சுக்கு, மாதம் 10 லட்சத்துக்கு டின் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள், அதில் வரி மட்டும் 1 லட்சத்து 80 ஆயிரம். 30 லட்சத்துக்குக் கூழ் விற்றால் நீங்கள் வசூலிக்கும் வரி 1 லட்சத்து 50 ஆயிரம். மீதி 30 ஆயிரம் உங்கள் மின்னணு லெட்ஜரில் வெறும் எண்ணாக நிற்கும். இதைத்தான் நாங்கள் இன்வர்ட்டட் டியூட்டி என்கிறோம், அதாவது மூலப்பொருளுக்கு வரி அதிகம், விற்கும் பொருளுக்குக் குறைவு. 12 விழுக்காடு இருந்தபோது இந்தத் தேக்கம் இவ்வளவு இல்லை.

இதற்கு ரீஃபண்ட் கேட்கலாம். முழு விண்ணப்பம் கொடுத்த 60 நாளுக்குள் முடிக்க வேண்டும், தாண்டினால் 6 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2025 அக்டோபரிலிருந்து சிக்கல் குறைவான விண்ணப்பங்களுக்கு 90 விழுக்காட்டைத் தற்காலிகமாக முன்கூட்டியே தரலாம் என்றும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால் ரீஃபண்ட் சூத்திரத்தில் பொருள்களுக்குக் கட்டிய வரி மட்டும்தான் வரும், சேவைகளுக்குக் கட்டிய வரி வராது. இதை உச்ச நீதிமன்றமும் 2021-ல் சரி என்று சொல்லிவிட்டது, அதே தீர்ப்பில் சூத்திரத்தின் குறைகளைக் கவுன்சில் பார்க்கட்டும் என்றும் சொன்னது. ஆக, இயந்திரப் பராமரிப்புக்குக் கட்டிய 18 விழுக்காடு சிக்கியது சிக்கியதுதான்.

இப்போது கேள்வியை எழுதிப் பாருங்கள். "2025 செப்டம்பருக்குப் பிறகு மாங்கூழ் உற்பத்தியாளர்களிடமிருந்து இன்வர்ட்டட் டியூட்டி ரீஃபண்ட் கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, மாநில வாரியாக? அவற்றில் 60 நாளைத் தாண்டியவை எத்தனை? தாமதத்துக்கு வட்டியாக வழங்கப்பட்ட தொகை எவ்வளவு? 90 விழுக்காடு முன்தொகை எத்தனை பேருக்குக் கிடைத்தது?" நான்கே வரி. இதற்கு "ஆம், இல்லை" என்று பதில் சொல்ல முடியாது. எண் தர வேண்டும், அல்லது எண் எங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எண் இல்லை என்பதும் ஒரு பதில்தான். கணக்கே வைத்துக்கொள்ளாமல் கொள்கை வகுக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அதைத் துரத்துவதற்கென்றே உறுதிமொழிக் குழு என்று ஒரு நாடாளுமன்றக் குழு இருக்கிறது. இது தெரிந்த எம்.பி.க்கும் தெரியாத எம்.பி.க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்து ஒரு முட்டுச்சந்து. வரி விகிதத்தைப் பற்றிக் கேட்டால் நிதி அமைச்சகம் வழக்கமாகச் சொல்லும் பதில், "ஜிஎஸ்டி விகிதங்கள் கவுன்சிலின் பரிந்துரைப்படி நிர்ணயிக்கப்படுகின்றன" என்பது. பொய்யில்லை. கவுன்சிலில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது ஒன்றிய அரசு வேண்டாம் என்றால் ஒன்றும் நகராது. ஆனால் ஒன்றிய அரசு மட்டும் நினைத்தாலும் போதாது. அதனால் விகிதம் குறைய வேண்டும் என்றால் டெல்லிக்கு ஒரு கடிதம், சென்னையில் மாநில நிதி அமைச்சருக்கு ஒரு கடிதம், இரண்டும் ஒரே வாரத்தில் போக வேண்டும். கொட்டை எடுத்துக் காயவைத்த புளிக்கு 5 விழுக்காடு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கூலி வாங்குகிற பெண்கள் எத்தனை பேர்! அந்தப் புளிக்கு 2019 அக்டோபர் 1 முதல் வரியே இல்லை என்று ஆனது. கேட்டால் மாறும் என்பதற்கு நம் ஊரிலேயே இப்படி ஓர் உதாரணம் இருக்கிறது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்தியாவில் பொது விற்பனை வரி என்ற விஷயமே நம் மண்ணிலிருந்து கிளம்பியதுதான். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலத்துக்குள்தான் இருந்தன. கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பிற்காலத்தில் அதே ராஜாஜி சுதந்திரா கட்சி தொடங்கி, டெல்லி அரசின் பொருளாதாரக் கொள்கையை வரிக்கு வரி கேள்வி கேட்ட எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவராகவும் ஆனார். வரி போட்டவருக்குத்தான் வரியைக் கேள்வி கேட்கவும் தெரிந்திருந்தது.

பட்ஜெட் சமயத்தில் வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு துறை தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையில் அடையாளமாக 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி ஒரு குறையை அவையில் பதிவு செய்யலாம். நிறைவேறாது, ஆனால் பதிவாகும். பெரும்பாலான துறைகளின் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேற்றப்படுகின்றன, அதனால் இதில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

குழுக்கள் அப்படியில்லை. உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது. புதிய வருமான வரி மசோதா 2025 பிப்ரவரி 13 அன்று தாக்கலானது. 31 பேர் கொண்ட தேர்வுக் குழுவுக்குப் போனது. பாஜகவின் பைஜயந்த் பாண்டா தலைவர், எதிர்க்கட்சியினரும் உறுப்பினர்கள். மசோதாவில் ஓர் இடத்தில், கடைசித் தேதிக்குப் பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்தால் ரீஃபண்ட் கிடையாது என்று பொருள்படும்படி ஒரு வரி இருந்தது. சம்பளத்தில் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரியாகப் பிடித்த தொகை சின்னதாக இருக்கும், அதைத் திரும்ப வாங்க வருகிறவர்களில் எத்தனையோ பேர் தாமதமாகத்தான் என் மேசைக்கு வருகிறார்கள். ஓசூர் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை செய்துவிட்டு, எந்த கம்பெனி எவ்வளவு பிடித்தது என்றே தெரியாமல் வரும் பிள்ளைகள் அவர்கள். அந்த ஒரு வரி அப்படியே சட்டமாகியிருந்தால் அவர்கள் பணம் போயிருக்கும். குழு அதைச் சுட்டிக்காட்டியது. அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, ஆகஸ்ட் 11 அன்று திருத்திய மசோதாவைக் கொண்டுவந்தபோது அந்த வரி இல்லை.

இதில் எனக்கு வருத்தம் தருகிற பகுதியையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆகஸ்ட் 11 அன்று அந்த மசோதா மக்களவையில் எதிர்க்கட்சிகளின் அமளிக்கு நடுவே சில நிமிடங்களில், விவாதம் இல்லாமல் நிறைவேறியது. அவர்கள் கோஷம் போட்ட காரணம் சின்னதல்ல, பீகார் வாக்காளர் பட்டியல் திருத்தம். ஆனாலும் அறுபது வருடத்துக்கு மேல் இருந்த வருமான வரிச் சட்டத்தை மாற்றுகிற நாளில் ஒரு எதிர்க்கட்சி உறுப்பினர்கூட எழுந்து ஒரு பிரிவைக் கேள்வி கேட்கவில்லை என்பது நாட்டுக்கு நஷ்டம். குழுவில் உழைத்ததை அவையில் கோட்டைவிட்டார்கள். உங்கள் கோபத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது, தம்பி.

சரி, உங்கள் நண்பரின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் இன்னும் பெரியது. வரியில் பணம் தேங்கும், இங்கே வாழ்க்கையே தேங்கி நிற்கிறது.

2025 மார்ச் 11 அன்று குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் மசோதா மக்களவையில் அறிமுகமானது. 1920, 1939, 1946, 2000 ஆண்டுகளின் நான்கு சட்டங்களை எடுத்துவிட்டு ஒரே சட்டம். அறிமுக நிலையிலேயே காங்கிரஸின் மணீஷ் திவாரி எதிர்த்தார். திரும்பப் பெறுங்கள், இல்லையென்றால் கூட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்றார். அனுப்பவில்லை. மார்ச் 27 அன்று மக்களவையில் நிறைவேறியது, ஏப்ரலில் மாநிலங்களவையிலும். செப்டம்பர் 1 முதல் நடைமுறை. முறையான பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வருமான வரி மசோதாவைக் குழு ஐந்து மாதம் உட்கார்ந்து பார்த்தது. மனிதர்களின் இருப்பைத் தீர்மானிக்கும் இந்த மசோதா அறிமுகமான பதினாறாம் நாளே மக்களவையைத் தாண்டிவிட்டது. ஒன்றில் குழு இருந்தது, ஒரு தவறான வரி நீங்கியது. மற்றதில் குழுவே இல்லை.

அந்தச் சட்டத்தில் அகதி என்ற சொல்லுக்குத் தனி இடம் கிடையாது. எல்லோரும் வெளிநாட்டவர். நாகாவதி, தும்பலஹள்ளி, வாணியாறு, பாம்பாறு என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் அணைகளின் பெயரோடுதான் முகாம்கள் இருக்கின்றன. முப்பது வருடத்துக்கு மேல் நம்மோடு வாழும் மக்கள். பெயின்ட் அடிக்கப் போவார்கள், கட்டட வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் முகாமுக்குத் திரும்புவார்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு அவற்றை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. குடியுரிமை தர மாநில அரசுக்கு அதிகாரம் கிடையாது.

ஒரு பையன் என்னிடம் ரிட்டர்ன் போட வந்திருந்தான். முகாமில் பிறந்தவன், டிப்ளமோ முடித்தவன். பான் கார்டு இருக்கிறது, டிடிஎஸ் பிடிக்கிறார்கள், வரி கட்டுகிறான். பாஸ்போர்ட் விவரம் என்ற இடம் வந்தபோது பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, "அண்ணா, இதுக்கு நான் என்ன எழுதறது?" என்று கேட்டான். வரி வாங்கும்போது உள்நாட்டுக்காரன், மற்ற எதற்கும் வெளிநாட்டுக்காரன். அவனுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எதிர்ப்புக்குக் கொஞ்சம் பலன் வராமல் போகவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே மாதம் உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9-க்கு முன்பு இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது. சிறை பயம் போனது. குடியுரிமை வரவில்லை. குடியுரிமைச் சட்டத்தில் 2003-ல் செய்த திருத்தம், சட்டவிரோதமாக நுழைந்தவர் என்று முத்திரை விழுந்தவருக்குக் குடியுரிமை வழியை அடைத்துவிட்டது. 2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை.

ஒரு நல்ல எதிர்க்கட்சி உறுப்பினர் புகுந்து விளையாட வேண்டிய இடம் இது. உணர்ச்சியாக ஒரு உரை ஆற்றினால் அடுத்த நாள் மறந்துவிடுவார்கள். சட்டத்திலேயே இருக்கிற கதவுகளைத் தட்டுகிற மாதிரி கேட்க வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இதை வைத்து உயர் நீதிமன்றத்தில் வென்று பாஸ்போர்ட் வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். அப்படியென்றால் முகாம்களில் அந்தத் தேதிக்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குக் குடிமகன் என்று அங்கீகாரம் கிடைத்திருக்கிறது? இலங்கையோடு செய்த 1964 சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்தில், இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கில் வர வேண்டிய குடும்பங்கள் முகாம்களில் எத்தனை? விலக்கு ஆணைக்குப் பிறகு நீண்ட கால விசா கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை? தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கிறார்கள். எண்ணிச் சொல்ல முடியாத கூட்டமில்லை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதிவேடு இருக்கிறது.

எல்லையும் இருக்கிறது. வாக்கெடுப்பில் எண்ணிக்கைதான் ஜெயிக்கும். கொறடா உத்தரவு இருப்பதால் ஆளுங்கட்சியில் ஒருவர் மனம் மாறினாலும் கை தூக்க முடியாது. அகதிகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், ஆனால் அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் இப்படிப்பட்ட மசோதா எதுவும் 1970-க்குப் பிறகு இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதே இல்லை. தொகுதிப் பக்கம் தலை காட்டாத, ஒரு கூட்டத்தொடர் முழுக்க ஒரு கேள்வியும் போடாத எம்.பி.க்களும் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2019, 2024 இரண்டு முறையும் டெல்லியில் எதிர்வரிசைக்குத்தான் ஆளை அனுப்பின. அந்த வரிசையில் உட்கார்ந்தவரிடம் சாலை, பாலம் மட்டும் கேட்டுவிட்டு, இந்த வேலையைக் கேட்காமல் விட்டதில் நம் பங்கும் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எம்.பி. அலுவலகத்துக்குப் பொன்னாடையும் மனுவுமாகக் கூட்டமாகப் போக வேண்டாம். ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே பிரச்சினை மூன்று வரியில், கீழே அப்படியே நோட்டீஸாகக் கொடுக்கக் கூடிய நான்கு கேள்விகள், பின்னால் இரண்டு ஆவண நகல். அவருடைய உதவியாளர் கையில் கொடுங்கள், கேள்வியைத் தட்டச்சு செய்வது அவர்தான். கூட்டத்தொடர் தேதி அறிவித்த உடனே கொடுங்கள், ஆரம்பித்த பிறகு கொடுத்தால் அந்த 15 நாள் விதியில் அடிபட்டுவிடும். மக்களவையில் நிதி அமைச்சகத்தின் முறை வழக்கமாகத் திங்கள், உள்துறைக்குச் செவ்வாய், எந்தத் தேதிக்கு என்று குறிப்பிட்டே கேளுங்கள். ஒரே கேள்வியை நிதித் துறைக்கும் உள்துறைக்கும் கலந்து எழுதினால் இரண்டு இடத்திலும் தள்ளிவிடுவார்கள்.

உங்கள் ரீஃபண்ட் விண்ணப்பங்களின் ஒப்புகை எண், தேதி, குறை காட்டி வந்த மெமோ எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி அனுப்புங்கள். கேள்வியை நான் வடிவமைத்துத் தருகிறேன். அப்புறம் உங்கள் நண்பரிடம் அவர் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லோரும் எங்கே, எந்த வருடம் பிறந்தார்கள் என்று கேட்டு வையுங்கள். வீட்டில் யாராவது 1987 ஜூலைக்கு முன்பு மண்டபத்திலோ வேறெங்கோ இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பிறப்புச் சான்றிதழை உடனே எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு எம்.பி. வரை போகவே வேண்டியதில்லை, ஒரு நல்ல வக்கீல் போதும்.